நான் எழுதாத வரைவு

வரைவுகள் இரண்டு இருக்க வேண்டும். மூன்று இருந்தன.

சனிக்கிழமை மாலை, மணி நான்கைத் தாண்டிச் சில நிமிடங்கள். சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் இருந்த பிரவுசிங் சென்டரில், இரண்டாம் எண் கணினியின் முன்னால் அமர்ந்திருந்தேன். என் வலைப்பூவின் உள்பக்கம் திரையில் விரிந்திருந்தது. வெளியிட்ட பதிவுகள் ஏழு, சரி. வரைவுகள் மூன்று, தவறு. நான் எண்ணிக்கையில் பிழை செய்வதில்லை. அடிக்குறிப்பில் ஒரு பக்க எண் பிசகினாலும் முழுத் தாளையும் மறுபடி எழுதிக் கொடுக்கிறவள் என்று முதுகலைத் தமிழ் வகுப்பில் எனக்கு ஒரு பெயர் உண்டு. இரண்டு வரைவுகளைத்தான் சென்ற வாரம் விட்டுப் போயிருந்தேன். மூன்றாவதை வேறு யாரோ எழுதியிருந்தார்.

அதன் தலைப்பு: ‘ப்ளீஸ் இதப் படிங்க’.

அஞ்சினேன் என்று எழுதினால் அது பாதி உண்மை. மீதிப் பாதியை ஒப்புக்கொள்ள எனக்குச் சில ஆண்டுகள் தேவைப்பட்டன. என் நெஞ்சு அடித்துக்கொண்டது அச்சத்தால் மட்டும் அல்ல. என்னை யாரோ வாசித்திருக்கிறார்.

அந்த வலைப்பூ என்னுடையது என்று எவருக்கும் தெரியாது. கல்லூரிக்குப் போகும் மின்ரயிலின் பெண்கள் பெட்டியில் கேட்டவற்றையும், எங்கள் தெருவில் கண்டவற்றையும், ஒரு புனைபெயரில் எழுதிவந்தேன். வகுப்பில் கேள்வி கேட்கக்கூட எழுந்து நிற்காத எனக்கு, பெயரில்லாமல் பேசுவது பெரிய விடுதலையாக இருந்தது. வலைப்பூ என்னுடையது என்று அப்பாவுக்குத் தெரிந்தால் சனிக்கிழமைகள் போய்விடும். சனிக்கிழமைகள் போனால் எழுத்தும் போய்விடும். வீட்டில் கணினி கிடையாது. நான் அறிந்த வட்டாரத்தில், தமிழில் தட்டச்சு செய்ய வழியிருந்தது அந்தச் சென்டரின் நான்காம் எண் கணினியில் மட்டும்தான்.

அப்பா கொடுமைக்காரர் அல்லர். அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர்; என்னைப் போலவே அதிகம் பேசாதவர். அவர் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. அந்தக் காலத்தில் பிரவுசிங் சென்டருக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் வாசல் மேசையிலிருந்த நோட்டில் பெயர், முகவரி, தொலைபேசி எண், வந்த நேரம், போன நேரம், கணினி எண் எல்லாவற்றையும் எழுத வேண்டும். நோட்டின் முதுகில் கயிறு, கயிற்றின் முனையில் பேனா. நான் மணியான கையெழுத்தில், கட்டம் தாண்டாமல், எல்லாவற்றையும் எழுதிவைத்தேன். அடுத்து வந்த எவனோ அதை அக்கறையாகப் படித்திருக்கிறான். மூன்று நாள்கள் வீட்டுத் தொலைபேசி அடித்தது. மூன்றாம் நாள் எடுத்தவர் அப்பா. என் பெயரைச் சொல்லி, மஞ்சள் சுடிதார் எனக்குப் பொருத்தமாக இருப்பதாகச் சொல்லி, சாட் பண்ணலாமா என்று ஒரு குரல் அவரிடம் கேட்டது.

மறுநாள் அவர் என்னை அழைத்துக்கொண்டு சென்டருக்குப் போனார். அதை நடத்தியவர் முப்பது வயதுள்ள ஒரு அக்கா. அவருடைய கணவருக்குப் பக்கத்திலேயே செல்போன் பழுதுபார்க்கும் கடை. வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரத்தில் இரண்டு கடைகளையும் அந்த அக்கா ஒருவரே பார்த்துக்கொள்வார். இரண்டு பக்கமும் அதட்டலுக்குக் குறைவிருக்காது.

“ஏம்மா, என் பொண்ணு பேரு, வீட்டு நம்பரு, எப்ப வரா, எப்பப் போறா, எல்லாத்தையும் கயிறு கட்டி ரோட்டுல தொங்க விட்டிருக்கீங்களே, இது நியாயமா?” என்றார் அப்பா.

“சார், எய்தி வாங்கணும்னு போலீஸ் ஸ்டேஷன்லேந்து சொல்லிக்கீறாங்க சார். நான் இன்னா பண்றது?”

“எழுதி வாங்குங்க. வரவன் போறவன்லாம் படிக்கிற மாதிரி வைக்காதீங்க.”

அக்கா ஒரு கணம் அந்த நோட்டைப் பார்த்தார். அதில் தம் கடையின் எல்லாப் பெண் வாடிக்கையாளர்களின் எண்களும் இருப்பது அப்போதுதான் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அடுத்த வாரம் நோட்டு இல்லை. ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. எழுதி மடித்து, மூடியில் கீறல் போட்ட பிஸ்கட் டின்னுக்குள் போட வேண்டும். டின்னில் சின்னப் பூட்டு.

அப்பா என்னை நிறுத்திவிடவில்லை. கூட வரத் தொடங்கினார். சென்டரின் வாசலில், செருப்புகளைக் கழற்றிப் போடும் அடுக்கின் பக்கத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. சனிக்கிழமை நான்கிலிருந்து ஐந்து வரை அவர் அதில் அமர்ந்து செய்தித்தாளை எட்டாக மடித்துப் படிப்பார். முதல் நாள் அக்கா அவரைக் கூப்பிட்டார்: “சார், வெயில்ல இன்னாத்துக்கு? உள்ள ஏசி கீது, வந்து குந்துங்க.” நான் முந்திக்கொண்டேன். “வேண்டாங்க்கா, அப்பாவுக்கு ஏசி ஒத்துக்காது.” அது பொய். அப்பா நாற்காலியை நிழலுக்கு நகர்த்திக்கொண்டார்.

கண்ணாடிக் கதவில் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருந்தது. உள்ளேயிருந்து எனக்கு அவர் தெரிவார். வெளியேயிருந்து அவருக்கு நான் தெரிய மாட்டேன். ஆறடித் தொலைவில் அப்பா வியர்வையைத் துடைத்துக்கொண்டிருக்க, நான் அவரைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன்.

என் பிழை அங்கேதான் பிறந்தது. ஒரு மணி நேரம் முடிந்த நொடியில் திரையில் நீல நிறம் இறங்கும். அதன் நடுவில் ‘நேரம் முடிந்தது’ என்று வரும். அதே நொடியில் அப்பா எழுந்து கதவைத் தள்ளி, “முடிஞ்சுதாம்மா?” என்பார். அவர் இரண்டடி வைத்து என் பக்கம் வருவதற்குள் நான் எழுந்துவிட வேண்டும். கடைசி நொடிவரை தட்டச்சு செய்துவிட்டு, நீலத் திரை விழுந்ததும் பையை எடுத்துக்கொண்டு கிளம்புவேன். நீலம் எல்லாவற்றையும் மூடிவிட்டதாகவே நம்பினேன். ஆனால் அது ஒரு திரைச்சீலை மட்டுமே. அடுத்த ஆளுக்காக அக்கா மேசையிலிருந்து சொடுக்கியதும் திரைச்சீலை விலகும். பின்னால் என் வலைப்பூ, திறந்தது திறந்தபடி, விளக்கெரிய இருக்கும். இரண்டு மாதம், ஒவ்வொரு சனிக்கிழமையும், அப்பாவின் இரண்டு கண்களிடமிருந்து தப்பிக்கும் அவசரத்தில் என் எழுத்தை முன்பின் தெரியாதவர்களிடம் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறேன்.

அன்று நான்காம் கணினியில் வேறு யாரோ இருந்ததால் இரண்டில் உட்கார்ந்தேன். இல்லாவிட்டாலும் அந்த மூன்றாவது வரைவைப் பார்த்திருப்பேன். அது தமிழ்தான், ஆங்கில எழுத்துகளில் தட்டப்பட்டிருந்தது. நினைவிலிருந்து தமிழ் எழுத்தில் தருகிறேன்:

‘நீங்க லாக் அவுட் பண்ணாம போயிட்டீங்க. நானா தேடிப் போகல, நாலுல உக்காந்தா இதுதான் தொறந்திருந்துச்சு. எதையும் மாத்தல. டிராஃப்ட் ரெண்டையும் படிக்கல. போஸ்ட் பண்ணதெல்லாம் படிச்சேன், அது எல்லாருக்கும் போட்டதுதானே. ரயில்ல பூ கட்டுறவங்க பத்தி எழுதினது செம. ஆனா ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. மூணாவது போஸ்ட்ல ஏரிக்கரையிலேந்து ரெண்டாவது லெஃப்ட்னு வருது. அஞ்சாவதுல காம்பவுண்ட் சுவத்து ஓட்டைக்குள்ள தென்ன மரம் நிக்குது. ஆறாவதுல அப்பா பேப்பரை எட்டா மடிக்கிறாரு. அந்த மாதிரி மடிக்கிற ஒருத்தரை இப்பதான் இந்த வாசல்ல பாத்தேன். இதுக்கு எனக்கு இருபது நிமிஷம் ஆச்சு. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். அடுத்து உக்காரவங்க சொல்லலாம். இன்னிக்கு நான் லாக் அவுட் பண்ணிட்டுப் போறேன். ஆனா இந்த மெஷின் உங்க பாஸ்வேர்டை ஞாபகம் வச்சிருக்கு, முதல் எழுத்தை அடிச்சா மீதியை அதுவே போட்டுக்குது. மாத்திடுங்க. எழுதறத நிறுத்திடாதீங்க.’

மூன்று முறை படித்தேன். முதல் முறை முதுகு குளிர்ந்தது. இரண்டாம் முறை கன்னம் சூடேறியது. மூன்றாம் முறை, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மகிழ்ச்சியாக இருந்தது. மூன்றாவதையும் ஐந்தாவதையும் ஆறாவதையும் சேர்த்து வைத்து ஒருவர் என்னைப் படித்திருக்கிறார். உரையாசிரியர்கள் பாட்டைப் படிப்பது போல, ஒரு சொல்லை இன்னொரு சொல்லோடு பொருத்தி, மரத்தைச் சுவரோடு பொருத்தி, எங்கள் வீட்டு வாசல்வரை வந்துவிட்டார். எனக்குக் கிடைத்த முதல் கூர்மையான வாசகர், என்னை எச்சரிக்க வந்தவர்.

கதவுக்கு வெளியே அப்பா தாளைத் திருப்பி மடித்தார். மணி நாலே கால்.

முதலில் கடவுச்சொல்லை மாற்றினேன். பழையது என் பிறந்த ஆண்டும் எங்கள் தெருவின் பெயரும். வாசகர் அதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். புதியதை அம்மா தினமும் காலையில் பால்காரரிடம் சொல்லும் நீண்ட வாக்கியத்தின் முதலெழுத்துகளால் கட்டினேன். (பிறகு அதையும் மாற்றிவிட்டேன்.) அதோடு வேலை முடியவில்லை. நான்காம் கணினியின் முகப்பில் ‘மூன்றாம் பருவக் குறிப்புகள்’ என்ற பெயரில் ஒரு கோப்புறை வைத்திருந்தேன். அதற்குள் பருவமும் இல்லை, குறிப்புகளும் இல்லை. பாதி எழுதிய பதிவுகள். அவற்றில் மிக நீளமானது நாற்காலியில் காத்திருக்கும் அப்பாவைப் பற்றியது. அவர் பெயர், அலுவலகம், பச்சை நிற டிஃபன் பை, எல்லாம் அப்படியே அதில் இருந்தன. யார் வேண்டுமானாலும் சொடுக்கலாம்.

நான்கில் ஒரு பொறியியல் மாணவர், காதில் ஹெட்ஃபோன், திரையில் கார்ப் பந்தயம். முன்பின் தெரியாத ஆணிடம் போய்ப் பேசும் வழக்கம் எனக்கில்லை. அதுவும் அப்பா வாசலில் இருக்கும்போது. இரண்டில் உலாவியை மூடிவிட்டு எழுந்து, அக்காவிடம் போய்த் தணிந்த குரலில் சொன்னேன்.

“அக்கா, நாலாம் நம்பர் வேணும்.”

“ஆளு கீறாரேம்மா. ரெண்டுல இன்னா கொறை?”

“தமிழ் ஃபான்ட் இல்லக்கா. அவசரம்.”

என் முகத்தில் அவர் என்ன பார்த்தாரோ, கேள்வியை அத்தோடு விட்டுவிட்டார். நேராகப் போய் அந்த மாணவரின் ஹெட்ஃபோனைக் காதிலிருந்து தூக்கினார். “ஏம்பா, இந்த மவுஸு பேஜார் பண்ணுதுன்னு போன வாரம் சண்டைக்கு வந்தியே, ரெண்டுல புது மவுஸு போட்டுக்கீறேன். போ.”

“இன்னாக்கா, கடைசி லேப்பு இது! ஜெயிச்சுகினு இருக்கேன், இப்பப் போய் எந்திரின்றே?”

“ஜெயிச்சு இன்னா, அந்தக் காரை வூட்டுக்கா ஓட்டிகினு போகப் போறே? எந்திரி.”

அவர் முணுமுணுத்துக்கொண்டே இடம் மாறினார். நான் நான்கில் உட்கார்ந்தேன். இருக்கை இன்னும் சூடாக இருந்தது. முப்பது நிமிடங்கள் மிச்சம்.

அந்த முப்பது நிமிடங்களில் நான் செய்தவற்றை வரிசை மாறாமல் இன்றும் சொல்ல முடியும். பாதி எழுதியவற்றை எனக்கே மின்னஞ்சலில் அனுப்பினேன். கோப்புறையை அழித்தேன். உலாவியின் பட்டியல்களுக்குள் முதன்முறையாக இறங்கி, அது எனக்காக நினைவில் வைத்திருந்த கடவுச்சொல்லைக் கண்டுபிடித்து நீக்கினேன். சேர்ந்திருந்த குக்கீகளை நீக்கினேன். பார்த்த பக்கங்களின் பட்டியலைத் திறந்தேன். அங்கே என் இரண்டு மாதங்கள் நாள்வாரியாக, நேரவாரியாக, என்னைவிடவும் துல்லியமாகப் பதிவாகியிருந்தன. அதையும் துடைத்தேன். ஒவ்வொன்றும் மறையும்போது, குழப்பமான ஒரு வாக்கியத்திலிருந்து வேண்டாத சொல்லை அடிக்கும்போது வரும் அதே சுகம் வந்தது.

கடைசியில் குப்பைத்தொட்டி. அழித்த கோப்பு அதில்தான் போய் விழும் என்று எங்கோ படித்திருந்தேன். திறந்தேன். என் கோப்புறை மேலே இருந்தது. அதன் கீழே எங்கள் ஊரே கிடந்தது.

கோப்புகளின் பெயர்களை மட்டும்தான் பார்த்தேன். அதுவே போதுமாக இருந்தது. யாரோ ஒரு பெண்ணின் ஜாதகமும் மார்பளவுப் புகைப்படமும். சேலையூர் முகவரியோடு பாஸ்போர்ட்டின் நகல். ஒருவருடைய ராஜினாமாக் கடிதம், அடுத்தடுத்து நான்கு வடிவங்களில். ‘அவளுக்கு’ என்ற பெயரில் ஒன்று. ‘அவளுக்கு இறுதி’ என்ற பெயரில் இன்னொன்று. அவர்கள் எல்லாரும் என்னைப் போலவே அழித்துவிட்டதாக நம்பி வீட்டுக்குப் போனவர்கள்.

‘அவளுக்கு இறுதி’ மீது சுட்டி நின்றது. இலக்கியம் படிக்கிறவளுக்கு அது எளிய சோதனை அல்ல. ஆனால் சென்ற வாரம் இதே இருக்கையில் ஒருவர் என் வரைவுகள் இரண்டையும் படிக்காமல் விட்டிருந்தார். நான் எதையும் திறக்கவில்லை. தொட்டியைக் காலி செய்தேன். ஊரின் சார்பில் ஒரு வேலையை முடித்த பெருமிதம் எனக்கு.

நீலத் திரை விழ இரண்டு நிமிடம் இருக்கும்போது, வாழ்க்கையில் முதல்முறையாக, ‘வெளியேறு’ என்ற சொல்லைச் சொடுக்கினேன்.

கிளம்பும்போது ஆவலை அடக்க முடியவில்லை. அக்காவின் மேசையருகே நின்றேன். “அக்கா, போன சனிக்கிழமை எனக்கப்புறம் நாலுல யாரு உக்காந்தாங்க?”

அக்கா பிஸ்கட் டின் மீது கையை வைத்தார். “சீட்டு உள்ளதான் கீது. ஆனா சொல்ல மாட்டேன். உன் நம்பரு வெளிய போச்சுன்னு உங்கப்பா என்னை இன்னா கேட்டாரு? இப்ப நீ இன்னொருத்தர் பேரைக் கேக்கறே. நல்லாக்கீதே நியாயம்!”

கதவைத் தள்ளிக்கொண்டு வந்த அப்பாவின் காதில் பின்பாதி விழுந்துவிட்டது. “யாரு பேரைக் கேட்ட?”

“ஒண்ணுமில்லப்பா. லைப்ரரி புக் ஒண்ணு யார்கிட்டயோ இருக்கு.”

“அதுக்கு அவங்ககிட்ட கேட்டா?” என்றார். அக்கா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை விழுங்கினார்.

அந்த வாரம் முழுவதும் என் கால் தரையில் பாவவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் அகப்பாடல்களின் மரபு நடந்தது. தலைவி, தலைவன், தோழி என்றுதான் வரும். எவருக்கும் பெயர் இருக்காது. பெயர் சுட்டப்பட்டுவிட்டால் பாட்டு அகமாக இருக்காது, புறமாகிவிடும். இளங்கலையிலேயே மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய செய்திதான். அன்று அது எனக்காகவே புதிதாகச் சொல்லப்பட்டது போல நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெயரை மறைத்தால் போதும் என்று எண்ணியிருந்தேன். மரம் பெயர் சொல்லும். சுவர் பெயர் சொல்லும். எட்டாக மடித்த செய்தித்தாள் உரக்கவே சொல்லும்.

மின்ரயிலில் முழங்கால் மீது நீள நோட்டை வைத்துக்கொண்டு, காத்திருக்கும் அப்பாவை முதலிலிருந்து எழுதினேன். எங்கள் தென்னையை வேரோடு பிடுங்கினேன். ஏரியைப் பக்கத்து ஊரான செம்பாக்கத்துக்குத் தள்ளினேன். அங்கே ஏற்கெனவே பெரிய ஏரி ஒன்று இருந்ததால் என் ஏரியையே நீக்கினேன். அப்பாவிடமிருந்து செய்தித்தாளைப் பிடுங்கினேன். அவர் கை வெறுமையானது. வேறு ஏதாவது தர வேண்டும். தாம்பரத்தில் ரயில் நுழைந்துகொண்டிருந்தபோது அது வந்தது. இவர் எழுத்தர் அல்லர், ஓய்வு பெற்ற பேருந்து ஓட்டுநர். மகள் போவது தட்டச்சுப் பயிலகத்துக்கு. உள்ளே ஒவ்வொரு வரியின் முடிவிலும் தட்டச்சுப் பொறியின் மணி அடிக்கிறது. வெளியே பெஞ்சில் காத்திருப்பவரின் வலது கால், மணி அடிக்கும்போதெல்லாம், தானாக பிரேக்கை மிதிக்கிறது.

பெட்டியில் எதிரே இருந்த பெண்மணி, “என்னம்மா, தனியா சிரிக்கிற?” என்று கேட்டார். வாயை மூடிக்கொண்டேன். ஆனால் கை நிற்கவில்லை. இதுவரை நான் பார்த்ததை மட்டுமே எழுதிவந்தேன். மறைக்க வேண்டிய கட்டாயம் வந்ததும்தான் கற்பனை செய்யத் தொடங்கினேன். அந்த ஓட்டுநரின் காலில் என் அப்பாவின் காத்திருப்பு, பழைய பதிவில் இருந்ததைவிட முழுதாக இருந்தது. (இந்தக் கட்டுரையிலும் சிலவற்றை இடம் மாற்றியிருக்கிறேன். எவற்றை என்று சொல்ல மாட்டேன்.)

அடுத்த சனிக்கிழமை பழைய பதிவுகளிலிருந்த தெருவையும் மரத்தையும் எட்டாக மடித்த செய்தித்தாளையும் திருத்திவிட்டு, புதியதை வெளியிட்டேன். ஐந்து நிமிடம் முன்பாகவே வெளியேறினேன். அதற்கு அடுத்த சனிக்கிழமை, பெயரில்லாத பின்னூட்டம் ஒன்று, ஆங்கில எழுத்துத் தமிழில் காத்திருந்தது: ‘தென்ன மரத்தை வெட்டிட்டீங்களா! இந்த தடவை ஒரு மணி நேரம் தேடினேன். வூட்டைக் கண்டுபிடிக்க முடியல. பிரேக் சூப்பர்.’

பரிசு வாங்கியிருந்தால்கூட அவ்வளவு மகிழ்ந்திருக்க மாட்டேன். அவர் யார் என்பது இன்றுவரை தெரியாது. ஆணா பெண்ணா என்றும் தெரியாது. சில சனிக்கிழமைகளில் நான்காம் கணினிக்காகக் காத்திருக்கும் முகங்களைப் பார்த்து ஊகித்ததுண்டு. பிறகு அதையும் விட்டுவிட்டேன். அவர் எனக்குச் செய்ததைத்தான் நான் அவருக்கும் செய்ய முடியும்.

உண்மையான சோதனை வீட்டில் நடந்தது. ஒரு மாதம் கழிந்திருக்கும். அப்பா அலுவலகத்திலிருந்து வந்து, டிஃபன் பையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்தார். “இதைக் கேளேன்,” என்றார் அம்மாவிடம். “ஆபீஸ்ல யாருக்கோ மெயில்ல வந்துச்சாம். பிரிண்ட் எடுத்து எல்லாரும் படிச்சோம்.”

அவர் வாசிக்கத் தொடங்கியதும் என் கையிலிருந்த தம்ளரைச் சமையல் மேடையில் வைத்தேன். இல்லையென்றால் விழுந்திருக்கும். பேருந்து ஓட்டுநர். தட்டச்சுப் பயிலகம். பெஞ்சு. என் வாக்கியங்கள், காற்புள்ளிகள் உட்பட, அப்பாவின் குரலில் வந்துகொண்டிருந்தன. எழுதியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. யாரோ அனுப்பி, யாரோ வெட்டி, என் புனைபெயர்கூட உதிர்ந்துபோயிருந்தது. பிரேக் வந்த இடத்தில் அப்பா வாசிப்பை நிறுத்திவிட்டுச் சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“பாவம் அந்த ஆளு,” என்றார். “கடைசிவரைக்கும் வெளியவே உக்காந்திருக்கான்.”

“நீங்களும் அதைத்தானே பண்றீங்க,” என்றார் அம்மா.

அப்பா யோசித்தார். “நான் பேப்பர் படிக்கிறேன். இந்தாளு சும்மா உக்காந்திருக்கான். பிரேக்கைப் போட்டுக்கிட்டு.” பிறகு தாள்களைப் பார்த்தபடி சொன்னார்: “அந்தப் பொண்ணு ஒரு தடவையாவது உள்ள வந்து உக்காருங்கப்பான்னு சொல்லியிருக்கலாம்.”

இரண்டு தாள்களையும் எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அந்தச் சனிக்கிழமை நான்காம் கணினியில் என் வேலையை நாலரைக்கே முடித்தேன். வெளியேறினேன். நினைவில் வைத்துக்கொள்ள உலாவியிடம் எதுவும் விடவில்லை. குப்பைத்தொட்டி காலி. திரையில் வெறும் முகப்புப் பக்கம். அதை எவர் பார்த்தாலும் எனக்குக் கவலை இல்லை. இத்தனை மாதங்களில் முதல்முறையாக, நேரம் முடியும் முன்னரே எழுந்து போய்க் கதவைத் திறந்தேன்.

“அப்பா, உள்ள வந்து உக்காருங்க.”

அவர் தாளிலிருந்து தலையைத் தூக்கினார். “எனக்குத்தான் ஏசி ஒத்துக்காதுன்னு சொன்னியே?”

முகம் முழுதும் சூடாயிற்று. “இப்ப ஒத்துக்கும்பா.”

“அப்படியா,” என்று எழுந்தார். செருப்பை அடுக்கில் ஒழுங்காக வைத்துவிட்டு வந்தார். அக்கா தம் நாற்காலியை இழுத்து நான்காம் கணினியில் என் இருக்கைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டு, “சார், வெயில்லயே கருவாடா காஞ்சுட்டீங்க, போங்க,” என்றார். அப்பா மெதுவாக உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தார். பரீட்சை முடிவா, நூலகப் பட்டியலா, எதைக் கேட்பார் என்று பல பதில்களைத் தயாராக வைத்திருந்தேன்.

“அந்த பஸ் டிரைவர் கதை,” என்றார், குரலைத் தாழ்த்தி. “அது இதுல கிடைக்குமா? அவங்க வேற எதாச்சும் எழுதியிருக்காங்களான்னு பார்க்கணும்.”

தேடுபெட்டியில் பேருந்து, தட்டச்சு, பிரேக் என்று மூன்று சொற்களைத் தட்டினேன். வாசகர் ஒருவர் தேடுவது போலவே தேடினேன். மூன்றாவதாக வந்த முகவரியைச் சொடுக்கினேன். என் வலைப்பூ திறந்தது, ஊரில் எவருக்கும் திறப்பது போல. மேல் மூலையில் என் பெயர் இல்லை; ‘உள்நுழை’ என்ற ஒரு சொல் மட்டும் இருந்தது. அதைப் பார்த்ததும் மூச்சு சீரானது.

அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் சாய்ந்தார். ரயிலில் பூக் கட்டும் பெண்களைப் பற்றிய பதிவை உதடு அசைய வாசித்தார்.

“யாரு எழுதறாங்கன்னு போட்டிருக்கா?”

“புனைபெயர்தான்பா. சொந்தப் பேரு போடல.”

“அதுவும் சரிதான்,” என்றார். “கீழ தள்ளு.”

நான் கீழே தள்ளினேன்.